பூட்டி வைத்த நல்ல அறை

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக் குக்கர் சத்தம் பெங்களூர் வரைக்கும் கேட்டுவிட்டது.

மருமகள் ரீட்டா வீட்டிலிருந்தபடியே ஒரு பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுகிற மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. நான் அடுப்படியில் பருப்பு வைத்திருந்தேன். ஒரு விசில். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

"ரயில்வே ஸ்டேஷன்லயா உக்காந்திருக்கீங்க?" என்று அவளுடைய மேனேஜர் கேட்டது எனக்கே கேட்டது.

"இல்லீங்க சார். எங்க மலைக்கு ரயிலே கெடையாதுங்க" என்றாள் ரீட்டா.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. மீட்டிங் முடிந்ததும் அவள் அடுப்படிக்கு வந்து முள்ளங்கியை எடுத்தாள். நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஊட்ல ஒழுங்கா உக்காந்து வேலை பாக்க எடமில்லீன்னா அடுத்த மாசம் பெங்களூருக்கே வந்துருங்கன்னுட்டாருங்க அத்தை."

"போறியா கண்ணு?"

"போகாம என்னுங்க பண்றது? வேலை வேணுமுங்களே."

கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. என் மகன் ஜான் ஜீப் ஓட்டுகிறவன். ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறவன் மலையை விட்டு எங்கே போவான்? இவள் அங்கே, அவன் இங்கே... நடுவில் நான் யாருக்குப் பருப்பு வேகவைப்பது?

ஆனால், 'எடமில்லீன்னா' என்ற அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. என் வீட்டிலா இடமில்லை? எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்த கையால் கட்டிய வீடு இது. ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் வந்து யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

இடம் இருந்தது. பூட்டியிருந்தது.

ஏற்காட்டுக்கு வந்து எங்களைப் போன்றவர்கள் வீட்டில் தங்கிப்போன வாசகர்கள் இருப்பீர்கள். பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல், தடிமனான மெத்தை, வெள்ளை வெளேரென்று விரிப்பு — எல்லாம் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டுக்காரர்கள் எங்கே படுத்தார்கள் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

இந்த மலையில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். இருப்பதிலேயே நல்ல அறை விருந்தாளிக்கு. சனி, ஞாயிறு ஆள் வரும். மற்ற நாளில் அறை பூட்டிக் கிடக்கும். சாவி என் இடுப்பில். ஜானும் ரீட்டாவும் ஹாலில் ஒரு திரையைக் கட்டிக்கொண்டு பாயில் படுத்தார்கள். அதற்கு மேல் விரித்து எழுத வேண்டாம்.

நெட் பெட்டியும் விருந்தாளி அறைக்குள்தான். அதனால் ரீட்டா அந்தப் பூட்டிய கதவை ஒட்டி, நடையில், ஒரு காப்பி மூட்டை மேல் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொள்வாள். மழைக்காலத்தில் எங்கள் துணியெல்லாம் வீட்டுக்குள்தான் காயும். மீட்டிங்கில் அவள் தலைக்குப் பின்னால் ஜானின் பனியன் தொங்கும். அவளும் அறையைக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஒரு போன். சென்னைப் பெண். ஒரு மாதம் எங்கள் அறையிலேயே தங்கி வேலை பார்க்க வேண்டுமாம். சத்தம் இல்லாமல் இருக்குமா, மேசை உண்டா என்று கேட்டாள்.

நம் வீட்டுப் பெருமையை ஒருவர் கேட்டால் விடுவேனா?

"சத்தம்ங்கற பேச்சே இல்லீங்க. சில்வர் ஓக் பலகையில செஞ்ச மேசை இருக்குது. சுத்துற சேர் இருக்குது. நெட்டு நொம்ப நல்லா வருமுங்க. நீங்க ராணியாட்டம் உக்காந்து வேலை பாக்கலாம்."

பேசிக்கொண்டே நடையில் வந்தேன். ரீட்டா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. நான் கடந்து போவதற்காகக் காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டாள்.

அவ்வளவுதான்.

"ஊட்ல கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்று போனை வைத்தேன். சாவியை எடுத்து அறையைத் திறந்தேன்.

"உள்ள வந்து உக்காரு கண்ணு."

"வேண்டாங்க அத்தை. வாடகை போயிருமுங்க."

"நீ போயிருவியே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். லேப்டாப்பை மட்டும் மூடினாள்.

சாயங்காலம் வந்த ஜானுக்குத்தான் மனசு வரவில்லை. "சனிக்கெழம ஆள் வந்தா எங்க படுக்க வெக்கறதும்மா?"

"உன்ற ஜீப்புல படுக்க வையி."

பிறகு அவனேதான் கட்டிலை இழுத்துப் போட்டான். வெளிச்சுவர் மழைக்கு ஓதம் வாங்கும். விருந்தாளிக்கு மேகம் தெரிய வேண்டுமே என்று கட்டிலை அங்கே போட்டிருந்தோம். இப்போது உள்சுவர்ப் பக்கம். மேசையை ஜன்னலுக்கு நேராக வைக்கலாம் என்றேன். "நேரா வெச்சா மேகத்தையே பாத்துட்டு உக்காந்துருவனுங்க" என்று ரீட்டா பக்கவாட்டில் திருப்பினாள். வெளிச்சமும் முகத்தில் விழுகிறது, பின்னால் வெறும் சுவர். சேர் அவளுக்கு உயரம், கால் தரையில் எட்டவில்லை. அடியில் ஒரு பலகை போட்டோம்.

வெள்ளை விரிப்பை நானே உருவினேன். அது விருந்தாளிக்கு வாங்கியது. ரீட்டா தன் பெட்டியிலிருந்து நீலப் பூப்போட்ட விரிப்பு ஒன்றை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்ததாம். மடிப்புக்கூடக் கலையவில்லை.

"இத்தன நாளா ஏன் விரிக்கல?" என்று கேட்டேன்.

"கட்டில் இல்லீங்களே அத்தை."

பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கக் கூடாது.

அலமாரியில் விருந்தாளிக்கென்று நல்ல தம்ளர், பெட்டியில் விசேஷத்துக்கென்று நல்ல சேலை, வருகிறவர்களுக்கென்று நல்ல அறை. வராதவர்களுக்காக இத்தனையும் காத்திருக்க, வீட்டில் இருக்கிறவர்கள் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் வீட்டில் எப்படி?

இந்தத் திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் கேட்டாராம்: "ஏதாவது ரிசார்ட்ல தங்கியிருக்கீங்களா?"

"இல்லீங்க சார். எங்க ஊடுங்க."

அடுத்த மாதமும் இங்கிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். இத்தனை காலம் இந்தப் பத்திரிகைப் பத்தியை அடுப்படி முக்காலியில் உட்கார்ந்துதான் எழுதினேன். இப்போது மேசையின் ஒரு ஓரம் எனக்கு. ரீட்டா சாப்பிடப் போகிற நேரத்தில் சுத்துற சேரும் எனக்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சென்னைப் பெண் மறுபடியும் போன் செய்தாள். அறை கிடைக்குமா என்றாள்.

"காலி இல்லீங்க கண்ணு... ஊட்டுக்காரங்க வந்து தங்கியிருக்கறோம்."