ஊரையே சந்தேகப்பட்ட ஷம்சு பாய்

"ஷம்சு பாய் போயிட்டாருங்கக்கா" என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் போனில் சொன்னபோது, நான் குளத்தங்கரையில் வலை அலசிக்கொண்டிருந்தேன். "எங்க, சேலத்துக்கா?" என்று கேட்டேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று ரைட்டர் கோபித்துக்கொண்டார். நான் கிண்டல் பண்ணவில்லை. முந்தின நாள் காலையில்தான் பாய் இதே கரையில் நின்று, புதுத் தீவன மூட்டைக்குள் மூக்கை விட்டு, "இதுல என்னமோ சரியில்லைங்க அம்மிணி" என்று முகம் சுளித்தார். அந்த மனுசன் அதற்குள் போய்விட்டார் என்றால் எப்படி நம்புவது?

ஏற்காட்டுக் கடைவீதியில் அவரிடம் மளிகை வாங்கினவர்களுக்கு அவர் குணம் தெரியும். தராசை நாம் சந்தேகப்படுவதற்கு முன்னால் அவரே சந்தேகப்பட்டு மறுபடி நிறுப்பார். வாழவந்திக்குக் கீழே அவரோடு கூட்டாக இறால் வளர்த்த எஸ்டேட் பொம்பளைகள் எங்களுக்கு அவரை இன்னும் நன்றாகத் தெரியும். மலைக்குளிரில் இறால் வராது என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால் வெயில் விழுகிற இறக்கத்தில், காப்பிச்செடிக்குத் தண்ணீர் பிடிக்கும் குளத்தை எஸ்டேட் முதலாளியிடம் கேட்டு வாங்கினோம். பனி இறங்குவதற்குள் பிடித்துவிடலாம் என்பது கணக்கு.

முதல் தடவை விட்ட குஞ்சு பூராவும் செத்தது. ஓட்டில் கரும்புள்ளி விழுந்து, மீசை அறுந்து, ஒவ்வொன்றாகக் கரையில் ஒதுங்கியது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை பாருங்க. அப்பவும் செத்து ஒதுங்குச்சுன்னா குளத்த உட்டுருங்க" என்று சொல்லிவிட்டார். செடிக்கு உரம் சுமந்து தோள் காய்த்துப்போன எங்களுக்கு, எங்களுடையது என்று இருந்தது அந்தக் குளம் ஒன்றுதான்.

மனுசருக்குக் கொடுக்கிற கிருமி மருந்தையே குளத்தில் ஊற்றிவிடலாம் என்று மருந்து விற்கிறவர் ஒருவர் வந்து சொன்னார். பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அத இறாலு திங்கும். இறால எங்க பேரன் திம்பான். வேண்டாமுங்க" என்று அனுப்பிவிட்டார். பயிற்சிக்குப் போய்வந்து புரோபயாட்டிக் என்று ஒரு பொடி வாங்கிவந்தார். அது என்னவென்று கேட்டேன்.

"கெட்ட கிருமி வந்து எடம் புடிக்கறதுக்குள்ள நல்ல கிருமியக் குடி வெச்சிரோணுமுங்க. அவ்வளவுதான்."

"வாடகை யாரு குடுக்கறதுங்க பாய்?"

"நீங்கதான் குடுக்கோணும். டிரம்ம நல்லாக் கலக்குங்க."

மறுபடி குஞ்சு விட்டோம். வெல்லம், தவிடு, பொடி எல்லாம் டிரம்மில் கரைத்து, புளிக்க வைத்து, காலை வெயிலில் குளத்தில் ஊற்றினோம். விடாமல் ஊற்றினோம். ஆனாலும் அடிச்சேற்று நாற்றம் போகவில்லை. இறால் தின்கிறதா என்று பார்க்கத் தட்டில் வைத்துக் குளத்தில் இறக்கின தீவனம் அப்படியே கிடந்தது. ஒருநாள் நான் தூக்கிப் பார்த்த இறாலின் ஓட்டில் அதே கரும்புள்ளி.

பாய் ஒருத்தர் பாக்கி இல்லாமல் சந்தேகப்பட ஆரம்பித்தார். பொடி விற்றவன் சுண்ணாம்பைக் கலந்துவிட்டான் என்றார். மேலே தலைச்சோலைப் பக்கம் காப்பிப்பழம் கழுவின தண்ணீர் இறங்குகிறது என்று ஓடையைப் பிடித்துக்கொண்டே மலை ஏறினார். காய்ந்து கிடந்த ஓடையைப் பார்த்துவிட்டு இன்னும் சந்தேகத்தோடு திரும்பினார். கடைசியில் என்னிடம் வந்தார். "ஏனுங்க அம்மிணி, நேத்து என்ன சோப்புப் போட்டுக் கை களுவுனீங்க?" என்று என் கையை மோந்து பார்த்தார். "மீன் கொளம்பு வாசம் வருதா? ஊட்டுக்கு வந்து சாப்புட்டுப் போங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

டிரம்முக்கான தண்ணீரை அவர்தான் கேனில் பிடித்து ஜீப்பில் கொண்டுவருவார். பக்கத்து ஊற்றுத் தண்ணீரைத் தொடவிடமாட்டார். காட்டெருமை வாய் வைக்கிற தண்ணீராம். "எங்க ஊட்டுக் கொழாயில வர்றது நொம்பச் சுத்தமுங்க. பிளீச்சிங் போட்டு உடறாங்க" என்று பெருமையாகச் சொல்லுவார். அன்றைக்கு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஊரு பூராச் சந்தேகப்பட்டீங்க, உங்க ஊட்டுக் கொழாய மட்டும் உட்டுட்டீங்களே பாய். ஊட்டுல அக்கா திட்டுவாங்கன்னு பயமுங்களா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சொன்னது வெறும் கேலிதான், எனக்கு ஒன்றும் தெரியாது.

பாய் அந்தக் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "கிருமி சாகட்டும்னு போட்ட பிளீச்சிங்குக்குள்ளயே நல்ல கிருமியக் குடி வெச்சிருக்கறனுங்க" என்றார்.

அதையும் அவர் உடனே நம்பிவிடவில்லை. ஒரு டிரம்மில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் காய்ச்சி ஆறவைத்த ஊற்றுத் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் அதே வெல்லம், தவிடு, பொடியைக் கரைத்தார். மறுநாள் ஊற்றுத் தண்ணீர் நுரை கட்டி, மாவு புளித்த வாசம் அடித்தது. குழாய்த் தண்ணீர் வெல்லத் தண்ணீராகவே நின்றது. பாய் இரண்டையும் மாற்றி மாற்றி மோந்தார். வீட்டுக்குப் போய்ச் சம்சாரத்திடம் என்ன சொன்னாரோ!

அதற்குப் பிறகு ஊற்றுத் தண்ணீரில்தான் கலக்கினோம், சேற்று நாற்றம் மெல்லக் குறைந்தது. தட்டு காலியாகத் திரும்பியது. பழைய ஓட்டைக் கழற்றிப்போட்ட இறால்கள் புள்ளியில்லாத புது ஓட்டோடு வந்தன. நிறைய இறால் செத்துப்போனது, ஆனால் பிடிக்கிற அளவுக்கு நின்றது. முதலாளி குளத்தை எங்களுக்கே விட்டார். நாங்கள் குதிக்கிறோம், பாய் மட்டும், "இது கிருமி பண்ணுன வேலையா, நாம தீவனத்தக் கொறச்சதா, வெயிலு நல்லா அடிச்சதான்னு எனக்கு இன்னும் சந்தேகமாத்தான் இருக்குதுங்க" என்று நின்றார்.

மையத்தை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன்னால் முகம் பார்க்கப் போனேன். பாயின் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சு கரிக்குதுன்னாரு. வாயுன்னு சொல்லிச் சோடா குடிச்சிட்டுப் படுத்தாரு. எதையும் நம்பாத மனுசன், அத எப்படிம்மா நம்புனாரு?" வாயாடி என்று பேர் வாங்கின நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக்கொடுத்தேன்.

நேற்று முதலாளி குளத்துக்கு வந்தார். "பாய் இல்லாம இத நடத்தீருவீங்களா?" என்று கேட்டார். தட்டைத் தூக்கிக் காட்டினேன். இறால்கள் துள்ளின. "நல்லாத்தான இருக்குது, அப்பறம் என்ன?" என்றார். நான் ஒன்றைப் பிடித்து, திருப்பி, செவுளைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். பாய் விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொண்டது இந்தச் சந்தேகத்தை மட்டும்தான். இதைத் திருப்பிக் கொடுக்கிற எண்ணம் இல்லை.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன். "அதனாலதான் நாளைக்கும் பாக்கோணும்."