குப்பைப் பையில் ஒரு குடும்பம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள் அவள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில், பல்கலைக்கழகத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். பண்டைய வரலாறு, தொல்லியல், சமயம், மூன்றுக்கும் சேர்த்து ஓர் அறிமுகப் பாடம்.

முதல் நாளிலிருந்தே தலை சுற்றியது. கி.மு. ஐந்நூறில் பிறந்த அரசன் கி.மு. நானூற்று நாற்பதில் இறந்தான் என்று பேராசிரியை சொன்னதும், "பிறக்கறதுக்கு முன்னாடியே எப்படி மேடம் செத்தான்?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் எல்லாருக்கும் 'கி.மு. அக்கா'.

பிறகு வந்தது அந்தச் செய்முறைப் பயிற்சி. ஆளுக்கொரு பையில், தன் வீட்டின் ஒரு வாரத்துக் காய்ந்த குப்பையைப் பெயர் போடாமல் கட்டிவர வேண்டும். பொருள்களைப் பார்த்தே அந்த வீட்டு மனிதர்களைப் பற்றி மற்றவர்கள் சொல்ல வேண்டும்.

அவளுடைய பை, சுருட்டைமுடிக்காரன் ஒருவன் கையில் சிக்கியது. மேசையில் கொட்டினான்.

"விளிம்பு தேஞ்ச வட்டக் கண்ணாடி! இது எதுக்கு?"

"புரியலைன்னா வழிபாட்டுப் பொருள்னு எழுதிடு, தொல்லியல்காரங்க அப்படித்தானே பண்றாங்க" என்றாள் பக்கத்துப் பெண்.

கி.மு. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். பாவம், அடுத்து வரப்போவது அவளுக்குத் தெரியாது!

"பால் பாக்கெட் எல்லாம் கால் லிட்டர், ரெண்டு கம்பெனி. டீத்தூளும் ரெண்டு வகை. பார்சல் டப்பா எல்லாம் ஒரு ஆளுக்கானது, அதுவும் வேற வேற கடை." அவன் நிமிர்ந்தான். "இது குடும்பமே இல்லை மேடம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காத ரெண்டு பேர் வாடகைக்கு இருக்காங்க."

நெஞ்சில் இடி இறங்கியது. இருபத்தாறு வருடத் தாம்பத்தியம்!

"வீட்டுக்காரங்க யாரோ, அடுத்த வாரம் எழுந்து இது சரியா தப்பான்னு சொல்லணும்" என்றார் பேராசிரியை.

என்ன சொல்வாள்? கணவர் ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி. அவள் வரும் நேரத்தில் அவர் கிளம்புவார். மிச்சம் இருந்த ஞாயிற்றுக்கிழமையையும் இந்த வகுப்பு எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு கடுஞ்சொல் உண்டா? இல்லையே! பிறகு ஏன் அந்தப் பையன் சொன்னது இப்படிக் குத்துகிறது?

வீட்டுக்கு வந்தபோது அவர் சீருடையில், ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நாம குடும்பம்தானா?"

"என்னடி ஆச்சு உனக்கு? வெயில்ல நடந்து வந்தியா?"

நடந்ததைச் சொன்னாள்.

"தப்புன்னு சொல்லிட்டு வா. நாம என்ன சண்டையா போடறோம்? அந்தக் குப்பையில உடைஞ்ச தட்டு ஏதாவது இருந்துச்சா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

"அதாங்க பயமா இருக்கு. சண்டை போடற அளவுக்குக்கூட நாம சேர்ந்து இருக்கலையே."

பொலபொலவென்று கண்ணீர் உதிர்ந்தது. அவர் கைப்பேசியை எடுத்துப் பகல் காவலாளியை அழைத்தார்.

"தம்பி, ஒரு மணி நேரம் சேர்த்துப் பார்த்துக்கோப்பா. வீட்ல கொஞ்சம்... என்னன்னு எனக்கே சொல்லத் தெரியலை."

ஷூவைக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். எதைப் பேசுவது, யார் முதலில் பேசுவது என்று இருவருக்கும் புரியவில்லை.