இரைப்பு நின்றபோது

முதலில் வந்தது இருமல்தான். எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது ஒன்பது வயது. ஓடி முடித்து நின்றதும் நாலைந்து நிமிடம் வறட்டு இருமலாக இருமுவாள். விடியும் நேரத்தில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தும் இருமுவாள். கொடைக்கானல் பக்கம் எங்கள் ஊரான பள்ளங்கியில் பனிக்காலத்தில் எந்தப் பிள்ளைதான் இருமவில்லை என்று விட்டுவிட்டேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர். இருபது வருடமாகப் பிள்ளைகளை ஓட வைக்கிறேன். மூச்சு வாங்கி நிற்கும் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். சோம்பேறி, பயந்தாங்கொள்ளி, நடிப்பவர் என்று மூன்று வகைதான் என் கணக்கில் இருந்தது. நான்காவதாக ஒன்று உண்டு என்பதை என் மகளை வைத்துக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் பெற்றோர் வாசிக்க வேண்டும். ஆசிரியர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

இருமலோடு இரைப்பும் சேர்ந்தபோது (மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில்போலக் கேட்கும் சத்தம், ஊரில் வீசிங் என்பார்கள்) என் மனைவி ஸ்டெல்லா அவளைக் கொடைக்கானலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். வேண்டாவெறுப்பாக நானும் போனேன். இளம் வயதுப் பெண் மருத்துவர். ஜெனியின் முதுகில் நாலு இடத்தில் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இது சளி இல்ல சார், ஆஸ்துமா. மூச்சுக்குழாய் உள்ள வீங்கிச் சுருங்கிடுது. காத்து உள்ள போயிரும், வெளிய வரத்தான் கஷ்டப்படும்."

இரண்டு இன்ஹேலர்கள் எழுதினார் (வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து, நாங்கள் பம்ப் என்போம்). ஒன்று தினமும் எடுப்பது, உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தணிக்கும். இன்னொன்று நீல நிறம், மூச்சு முட்டும்போது சுருங்கிய குழாயை உடனே விரிக்கும்; எப்போதும் கூடவே இருக்க வேண்டும். நான் கேட்டது ஒரே கேள்வி.

"நல்லா ஓட விட்டா நெஞ்சு பலமாகி சரியாயிரும்ல மேடம்?"

"ஓடலாம் சார். மருந்த விடாம எடுத்தா எல்லாப் பிள்ளைங்க மாதிரியும் ஓடலாம். மருந்து இல்லாம ஓட விடாதீங்க."

முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்று மாதம் தினமும் மருந்து எடுத்தாள். இருமல் போய்விட்டது. போன பிறகு எதற்கு மருந்து என்று நானே நிறுத்தினேன். மருந்து எடுத்ததால்தான் இருமல் நின்றது என்பது என் புத்திக்கு எட்டவில்லை. பம்ப் பழகினால் விட முடியாது, பெண் பிள்ளைக்கு அது நாளைக்குப் பேச்சாகும் என்று ஊரில் சொல்வார்கள். ஊரில் சொல்வதென்ன, பெற்றோர் கூட்டங்களில் நானே மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

நீல இன்ஹேலரைச் சமையலறை மேல்தட்டில் வைத்தேன். பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்று ஜெனியிடம் சொன்னேன். அப்போது அவள் நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே சேர்ந்திருந்தாள். பி.டி. சார் மகளே பம்ப் வைத்திருக்கிறாள் என்று பேசுவார்கள் என்றேன்.

"பேசுறவங்க வந்து அவளுக்கு மூச்சு விடுவாங்களா?" என்றாள் ஸ்டெல்லா. அவள் டவுனில் ஒரு தங்கும் விடுதியில் அறைகளைப் பராமரிக்கும் வேலை செய்கிறாள். வெள்ளனே கிளம்ப வேண்டும். அவள் போன பிறகு வீட்டில் என் பேச்சுதான்.

அது நடந்தபோது ஜெனிக்குப் பதினோரு வயது. மண்டலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அறுநூறு மீட்டர் ஓட்டத்தில் அவள் பெயரைக் கொடுத்திருந்தேன். ஆடி மாதக் காற்று. மைதானத்தின் மறுகோடி தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தது. பள்ளி மணி அடிப்பதற்கு முன் பயிற்சி. மைதானத்தில் அவள் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். மகளுக்குச் சலுகை தருகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நான் போட்ட சட்டம்.

மூன்றாவது சுற்றில் நின்றாள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள்.

"சார், முடியல."

"நடிக்காத ஜெனி. இன்னும் ஒரே ரவுண்டு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. காற்றுக்காக உடம்பு முழுவதும் போராடும்போது அப்படி ஆகும் என்று இன்று தெரியும். அன்று ஓடும் முறை சரியில்லை என்று நினைத்து, "தோள எறக்கி ஓடு!" என்று கத்தினேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தோளை இறக்கப் பார்த்தாள். பார்த்தபடியே மறுகோடியில் கோல் கம்பத்தருகே உட்கார்ந்துவிட்டாள்.

போய்ப் பார்த்தேன். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு வார்த்தை பேச அவளிடம் காற்று இல்லை. மருந்து வீட்டு மேல்தட்டில் இருந்தது. பள்ளி முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும் இருந்தன.

சாலையில் பீன்ஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ராசு என்பவரின் ஜீப்பில் டவுன் மருத்துவமனைக்குக் கிளம்பினோம். இஞ்சின் சத்தத்தை மீறி அவள் இரைப்பு கேட்டது. பாதி வழியில் அது மெல்லக் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. அவள் தலை என் மார்பில் சாய்ந்தது.

கடவுளே, தப்பித்தோம் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை.

"சரியாயிருச்சு ராசு. தூங்குறா. கொஞ்சம் மெதுவாப் போ, ரோடு குலுக்குது."

ராசு கண்ணாடியில் பார்த்தார். "தூங்குற மாதிரி தெரியல சார். கழுத்து தொங்கிக் கெடக்கு. நான் வெரசாவே போறேன்."

அவர் என் சொல்லைக் கேட்கவில்லை. என் மகள் உயிரோடு இருப்பது அதனால்தான்.

இதைப் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரைப்பு குறைந்து, பிள்ளை முழு வாக்கியம் பேசி, தண்ணீர் கேட்டால் அது தேறுவது. இரைப்பு நின்று பிள்ளையும் துவண்டால், சத்தம் போடக்கூட உள்ளே காற்று ஓடவில்லை என்று பொருள். அதற்குப் பிறகு இருப்பவை நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில்தான் நான் வண்டியை மெதுவாகப் போகச் சொன்னேன்.

மருத்துவமனையில் செவிலியர் மார்பில் கருவியை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி மறுபடி கேட்டார். "டாக்டர், ரெண்டு பக்கமும் சத்தமே இல்ல" என்றார். ஆக்சிஜன், நெபுலைசர் (மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் கொடுக்கும் கருவி), ஊசிகள் என்று என்னைத் தள்ளிவிட்டு எல்லாம் நடந்தது. தொண்டையில் குழாய் இறக்கினார்கள். விடுதிச் சீருடையோடு ஓடிவந்த ஸ்டெல்லா மதுரைக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸில் பின்னால் ஏறினாள். எனக்கு ஓட்டுநர் பக்கத்தில் இடம். வத்தலக்குண்டு வரை அத்தனை வளைவுகளிலும் பின்னாலிருந்து யாரோ கையால் பையை அமுக்கி அவளுக்கு மூச்சு கொடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மதுரையில் நான்கு நாட்கள் வென்டிலேட்டர் (செயற்கையாகச் சுவாசம் தரும் இயந்திரம்). இரண்டாம் நாள் அங்கிருந்த மூத்த மருத்துவர் எங்களைக் கூப்பிட்டார்.

"ஓடும்போது பிள்ள நடுவுல நின்னாளா?"

"நின்னா, டாக்டர்."

"பெறகு ஏன் ஓடினா?"

ஸ்டெல்லா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "இவருதான் ஓடச் சொன்னாரு."

அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். திட்டவில்லை. அடுத்த நோயாளியின் தாளை எடுத்தார்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். தண்ணீர் கேட்டாள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தார் செவிலியர். நான் குனிந்தேன். என்னை அடையாளம் தெரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. தொண்டை கரகரக்க மெதுவாகச் சொன்னாள்.

"சார், நான் நடிக்கல."

செவிலியர் சிரித்துவிட்டார். "மருந்து மயக்கம். அப்பாவப் போயி சார்ங்குது பாருங்க." அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்.

வார்டில் இருந்த ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். கற்றுத்தர யாரும் எப்போதும் மறுத்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் காது கொடுக்கவில்லை. ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) வைத்துத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி மருந்து தொண்டையிலேயே ஒட்டிவிடும். தினசரி மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. மருந்து தீர்ந்த பிறகும் சில இன்ஹேலர்கள் அமுக்கினால் 'புஸ்' என்று சத்தம் தரும். அந்தச் சத்தத்தை நம்பக் கூடாது. எத்தனை முறை அமுக்கியாயிற்று என்று குறித்து வைக்க வேண்டும். இது போதைப் பழக்கம் ஆகாது.

பள்ளியில் நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் வைக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். "ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யாரு சார் பதில் சொல்றது?" என்றார். ஏற்கெனவே ஆகிவிட்டது, பதில் சொல்ல நான்தான் இருக்கிறேன் என்றேன். பல மாதம் கழித்து, கிராம செவிலியர் வந்து எல்லா ஆசிரியர்களுக்கும் காட்டிக்கொடுத்த பிறகு, ஒத்துக்கொண்டார். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. அதைத் திறந்து இதுவரை மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். மூன்றும் நான் முன்பு நடிக்கிறார்கள் என்று சொன்ன பிள்ளைகள்.

இத்தோடு முடித்தால் இது திருந்தியவனின் கதையாகிவிடும்.

முன்பு நான் மேல்மலையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். கிளாவரை என்ற ஊரிலிருந்து வந்த பாண்டீஸ்வரி என்ற பெண் அங்கே ஏழாம் வகுப்பு. ஓடினால் அவளுக்கும் நெஞ்சு இரைக்கும். ஒருநாள் என் விசிலை வாயில் வைத்து மெதுவாக ஊதி அந்தச் சத்தத்தைப் போல் செய்து காட்டினேன். வகுப்பே சிரித்தது. அந்த வருடமே அவள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். ஜெனி தேறியபின் அந்தப் பெயர் என்னை விடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை கிளாவரைக்குப் பஸ் ஏறினேன்.

அவள் அம்மா பூண்டுத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, சேலையில் கையைத் துடைத்தார்.

"வாங்க சார். என்ன சோலியா வந்தீக?"

"பாண்டீஸ்வரி எங்கம்மா?"

"அது போயி ரெண்டு வருசமாச்சு சார். சளி கட்டிக்கிச்சு. ஜீப்பு வர நேரமாயிருச்சு."

நான் வரப்பில் உட்கார்ந்தேன். மருத்துவமனையில் பம்ப் ஏதும் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒரு நர்சம்மா குடுத்துச்சு சார். நாங்கதான் வேணாம்னுட்டோம். நீங்கதான அன்னைக்கி மீட்டிங்குல சொன்னீக, பம்ப் பழகுனா விடாது, ஓடுனாத்தான் நெஞ்சு பலமாகும்னு. அதுமாதிரியே வீட்டுக்கும் தோட்டத்துக்குமா ஓட வச்சோம். நீங்க சொன்னதுல ஒண்ணும் கொறயில்ல சார். எங்க நேரம்."

போகும்போது ஒரு பை நிறைய மலைப்பூண்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் ஸ்டெல்லா கேட்டாள். "சொன்னீங்களா அவங்ககிட்ட?"

"இல்ல."

அந்தப் பூண்டை அவள் சமைக்கவில்லை. முளைவிட்டு வாடிய பிறகு நானே கொண்டுபோய்க் கொட்டினேன். இன்றுவரை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. இதை அவர் வாசிக்க மாட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அது தெரிந்துதான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

ஜெனிக்கு இப்போது பதின்மூன்று வயது. காலையிலும் மாலையிலும் மருந்து எடுக்கிறாள். ஓடவும் ஓடுகிறாள், ஆனால் என் மைதானத்தில் இல்லை. ஸ்டெல்லாவின் விடுதிக்குப் பக்கத்தில் இருக்கும் வேறு பள்ளிக்கு மாறிவிட்டாள். அவளே கேட்டு மாறினாள்.

என் உடம்பு மாறிவிட்டது. படியேறும்போது என் மூச்சு எனக்குக் கேட்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று என்னை அறியாமல் எண்ணுகிறேன். முன்பெல்லாம் ஒரு நிமிடம் என்றால் எனக்கு அது ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் ஓடும் என்பது. இப்போது ஒரு நிமிடம் மிகப் பெரியது. அதற்குள் ஒரு பிள்ளை போய்விடலாம்.

நேற்றுக் காலை ஜெனி சமையலறையில் ஸ்பேசரை வாயில் வைத்து மருந்தை உறிஞ்சினாள். உறிஞ்சிய பிறகு பத்து நொடி மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். வாசலில் நின்று நானும் பிடித்துக்கொண்டேன். தினமும் அப்படித்தான். அவள் விட்ட பிறகு நானும் விட்டேன். அவள் கழுத்துக் குழி லேசாக உள்ளே போவது தெரிந்தது.

"என்னம்மா செய்யுது?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். என்னைத் தாண்டி உள்ளறைக்குப் போனாள். அங்கே தலை வாரிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவிடம் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

"அம்மா, லேசா இரைக்குதும்மா."