ஒரு மண்டலப் பத்தியம்

பச்சை வேர்க்கடலை உப்புத் தண்ணீரில் வேகும்போது எழுகிற வாசனையில் பாதி மண் வாசனை. ஐப்பசி பிறந்தால் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அதுதான், ஐயம்பேட்டைப் பக்கத்திலிருந்து கூடைக்காரிகள் "வேர்க்கல்லே... வேர்க்கல்லே..." என்று கூவிக்கொண்டு வருவார்கள், வீட்டுக்கு வீடு அடுப்பில் பானை ஏறும். மற்றவர்களுக்கு அந்த வாசனையில் நாக்கு ஊறும், என் அம்மாவுக்கு முகம் வெளிறும். கதவைச் சாத்து, தம்பி எங்கே, கையில் என்ன வைத்திருக்கிறான், வாயைத் திறக்கச் சொல் என்று அந்த மாதம் முழுக்க வீட்டில் ஒருவர் நிம்மதியாக உட்கார முடியாது.

தம்பி குமாருக்கு அப்போது நான்கு வயது, எனக்குப் பத்து. இரண்டு வயதில் ஒருநாள் தோசையோடு வேர்க்கடலைச் சட்னி உள்ளே போன சற்று நேரத்தில் அவனுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஊசி போட்டுக் காப்பாற்றிய டாக்டர், "இது அலர்ஜி. வேர்க்கடலை இவனுக்கு ஆயுசுக்கும் ஆகாது, வீட்டு வாசப்படியே ஏறக்கூடாது" என்றார். அலர்ஜி என்ற சொல்லை எங்கள் வீட்டில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

அதோடு சமையலே தலைகீழாகிவிட்டது. கடலை எண்ணெய் இல்லாமல் தாளிப்பே அறியாத வீட்டில் அப்பளம்கூட நல்லெண்ணெயில் பொரிந்தது. பொட்டுக்கடலை வாங்கி வந்தால் அம்மா முறத்தில் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். நடுவில் ஒரே ஒரு வேர்க்கடலைப் பருப்பு தென்பட்டாலும் மொத்தத்தையும் மாட்டுத் தொட்டியில் போட்டுவிடுவாள். கல்யாண வீட்டுக்குப் போனால் தம்பிக்குத் தூக்கில் சோறு வரும், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பந்தியில் அம்மா இலையில் கை வைக்க மாட்டாள். "அவனுக்கு ஆகலன்னா ஊட்டுக்கே ஆகாதா?" என்று நான் முணுமுணுத்து முதுகில் வாங்கியது உண்டு. எனக்கு வேர்க்கடலை என்றால் உயிர். ஒளிப்பானேன், தம்பி மேல் அந்த நாளில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அந்த வருஷம் ஆடியில்தான் நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்திருந்தோம். புதுத் தெரு, புது மனிதர்கள், ஆளுக்கொரு கேள்வி. "ஒத்துக்காதுங்க" என்று அம்மா சொன்னால் ஒருவர் காதிலும் ஏறாது. "ஒத்துக்காதுன்னா கொஞ்சங் கொஞ்சமா குடுத்துப் பழக்கணும்மா", "எங்க ஊட்ல இதத்தான் தின்னு வளந்துச்சுங்க, ஒண்ணும் ஆவல" என்று அம்மாவுக்கே பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் அலைகிற நான்தான் இவர்களிடம் அதிகம் மாட்டுவேன்.

பக்கத்து வீட்டு சரோஜம்மாவுக்குத் தம்பி மேல் கொள்ளை ஆசை. வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம் அவர்களுடையது. கை ராட்டையில் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே, "ரா நாயனா, ரா பங்காரு" என்று அவனைக் கூப்பிட்டு மடியில் உட்கார்த்திக்கொள்வார்கள். தின்ன எதை நீட்டினாலும் நான் தடுத்துவிடுவேன். "ஏம்மா, எங்க ஊட்ல துன்னா ஆவாதா?" என்று ஒருநாள் அவர்கள் முகம் சுருங்கிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. "பத்தியம் சரோஜம்மா. மருந்து சாப்புட்றான்" என்றேன்.

மந்திரம் போட்டாற்போல வேலை செய்தது அது. அலர்ஜிக்கு இல்லாத மரியாதை பத்தியத்துக்கு இருந்தது. பத்தியத்தை முறித்தால் மருந்து முறியும், முறித்த பாவம் நமக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். "ஐயோ, சொல்லக் கூடாதா?" என்று தட்டை உள்ளே வைத்துவிட்டு, "எத்தினி நாளு?" என்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, "ஒரு மண்டலம்" என்றேன். நாற்பத்தெட்டு நாள் என்பது எனக்கே சரியாகத் தெரியாது. சொன்னதை மறந்தும் போனேன்.

சரோஜம்மா மறக்கவில்லை. ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. அம்மா தம்பிக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டு, "பாத்துக்கடி, வெளில உடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். அப்பா உள்ளே தறியில் நெய்துகொண்டிருந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பெண்ணோடு அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தேன். அவன் எப்போது என்னைத் தாண்டிப் போனான் என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டுதான் வந்தான். பின்னாலேயே சரோஜம்மாவும் சிரித்தபடி வந்தார்கள். "அக்கா, நாக்கு குத்துதுக்கா" என்றான். வாயோரத்தில் வெல்லமும் வேர்க்கடலைத் தூளும் ஒட்டியிருந்தன.

"மண்டலம் நேத்தோட முடிஞ்சிச்சில்ல? தலைக்கும் ஊத்திட்டீங்க, ஈரத் தலையோட வந்தான். வாய கட்டிக்கினு இருந்த புள்ளையாச்சேன்னு ஒரே ஒரு உருண்ட பிடிச்சி ஊட்டி உட்டேன்" என்றார்கள் சரோஜம்மா.

மருந்துப் பத்தியம் முடிந்தால் தலைக்கு ஊற்றி வாய்க்கு ருசியாகக் கொடுப்பதுதானே வழக்கம்? அவர்கள் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. எனக்குத்தான் கையிலிருந்த கற்கள் கொட்டிப் போயின. "அப்பா!" என்று நான் போட்ட கூச்சலில் அப்பா தறிக்குழியிலிருந்து எப்படி ஏறினாரோ, நூல் அறுந்ததைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தார். அதற்குள் தம்பியின் உதடு தடித்து, கண் இடுங்கி, நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்திருந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா வெறுங்காலோடு ஓடினார். நானும் ஓடினேன், சரோஜம்மாவும் ஓடினார்கள். வழி நெடுக அந்த விசில் சத்தம் கேட்டது. டாக்டர் வீட்டுத் திருப்பத்தில் அது நின்றுபோனது. அப்பாவும் ஒரு நொடி நின்றார். அதைப் போல ஒரு பயத்தை அதற்குப் பிறகு நான் பட்டதில்லை.

ஊசி போட்டார்கள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, தம்பி இருமினான், பிறகு அழுதான். அழுகைச் சத்தம் கேட்டுத்தான் அப்பா தரையில் உட்கார்ந்தார்.

விஷயம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். தம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள், "பத்தியம் முடிஞ்சிச்சின்னு நெனச்சி..." என்று இழுத்த சரோஜம்மாவிடம் நேராகத் திரும்பினாள். "பத்தியமா? எவ சொன்னா ஒனக்குப் பத்தியம்னு?"

சரோஜம்மா என்னைப் பார்த்தார்கள், ஒரே ஒரு தரம். நான் அப்பாவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். "யாரும் சொல்லலம்மா. நானா நெனச்சிக்கினேன்" என்றார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய்.

அதன் பிறகு அம்மா அவர்களோடு பேசவே இல்லை. அவர்களும் அந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்கும் எதுவும் கொடுத்து நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷத்தில் அவர்கள் குடும்பம் வேறு தெருவுக்குப் போய்விட்டது. "புள்ளையக் கொல்லப் பாத்தவ" என்றுதான் அம்மா சாகும்வரை சொன்னாள். அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இப்போது அந்தத் தெருவில் அந்த இரண்டு வீடுகளும் இல்லை, மாடி வீடுகளாகிவிட்டன. எந்தப் பிள்ளையும் கேட்காமல் அடுத்த வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதில்லை. அப்படிக் கூப்பிட்டு ஊட்டுகிறவர்களும் இல்லை. போன மாதம் தம்பி வந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, இன்றைக்கும் வெளியில் எதையும் விசாரிக்காமல் வாயில் வைக்க மாட்டான். பேச்சு எப்படியோ சரோஜம்மாவிடம் வந்து நின்றது. அம்மா சொன்னதையே அவனும் சொன்னான். என்னால் பொறுக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.