ப்ளக்குல விழுந்த கோடு

எரியாத பெட்ரோல் வாசனை தெரியுமா? கிக்கரை உதைக்க உதைக்க சைலன்சர் வழியா பச்சையா வந்து மூக்குல ஏறும். இன்னைக்கும் அது பட்டா எனக்கு முகம் சுருங்கிடும்...

விருத்தாசலத்துல ஒரு செராமிக் கம்பெனில சேர்ந்த புதுசு. கரெண்டு கம்பத்துல மாட்டுற பீங்கானை செக் பண்றதுதான் என் வேலை. நீல மையைத் தடவித் துடைப்போம். விரிசல் இருந்தா மை கோடா நின்னுடும். என் கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு அப்ப ஒரு திமிரு.

ஒரு ஞாயித்துக்கிழமை பைக் ப்ளக்கை நானே கழட்டி, கரியைச் சுரண்டி, பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். மறுநாள் மங்கலம்பேட்டை ரோட்ல பெட்டிக்கடை வச்சிருந்த வசந்தாக்காகிட்ட பாட்டில் பெட்ரோல் வாங்கி ஊத்தினேன். கொஞ்ச தூரத்துலயே வண்டி டப்டப்னு அடிச்சு நின்னுடுச்சு.

தள்ளிக்கிட்டே அவங்க கடைக்குத் திரும்பி வந்தேன். பக்கத்து டீக்கடைல நல்ல கூட்டம். எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்தினேன்.

"மண்ணெண்ணெய் கலந்து விக்கிறீங்களா?"

"இல்ல தம்பி... பங்க்குல புடிச்சத அப்படியே ஊத்துறேன். எம் பொண்ணுங்க மேல சத்தியம்."

"டிப்ளமோ படிச்சவன்கிட்டயே கதை வுடுறீங்களா?"

அந்தக் கடையை வச்சுதான், புருஷன் இல்லாம, ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வச்சுக்கிட்டு இருந்தாங்க. அது எனக்கு நல்லாவே தெரியும்.

ஒரு வாரம் கழிச்சு மெக்கானிக் ப்ளக்கைக் கழட்டி வெளிச்சத்துல காட்டினார். "ஸ்பேனரை சாய்ச்சு இறுக்கிட்டீங்க சார். பீங்கான் விரிசல் வுட்டிருக்குது பாருங்க. ஸ்பார்க்கு இந்தப் பக்கமா ஓடிட்டா பெட்ரோலு எப்புடி எரியும்?"

பீங்கான்! கம்பெனிக்கு எடுத்துட்டுப் போய் மை தடவினேன். மயிரிழை மாதிரி நீலக் கோடு. அப்படியே கூசிப் போயிட்டேன்.

அதுக்குள்ள வசந்தாக்கா கடைல யாரும் நிக்கிறதில்லன்னு ஆயிடுச்சு. போய் உண்மையைச் சொல்லியிருக்கணும். சொல்லல... வேற ரோட்ல சுத்திப் போனேன். ரெண்டு மாசத்துல கடையே இல்ல.

இப்ப என் வண்டி பட்டனைத் தொட்டா ஸ்டார்ட் ஆகுது. ப்ளக்கை நான் பார்த்தே பல வருஷம் ஆச்சு.

போன வாரம் பஸ் ஸ்டாண்டுல வசந்தாக்காவைப் பார்த்தேன். சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கு நின்னாங்க. தலை நரைச்சிருந்தது. தயங்கித் தயங்கி எல்லாத்தையும் சொன்னேன்.

"தெரியும் தம்பி. மெக்கானிக்கு அப்பவே சொன்னாரு. நீங்க வந்து அந்த டீக்கடைல ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பஸ்ஸு வந்தது. ஏறிட்டாங்க.

அந்த டீக்கடையும் இப்ப இல்ல. அதான் உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன்... வசந்தாக்கா பெட்ரோல்ல ஒரு குத்தமும் இல்ல.