டிட் நாட், ஹேஸ் நாட்

துறைமுகம் போகும் ரோட்டில் இருக்கும் என் பிரவுசிங் சென்டருக்கு இன்று காலை ஒரு பெண் வந்தார். கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறாராம். பதினோரு நாளாக போன் இல்லை. கம்பெனிக்கு இங்கிலீஷில் மெயில் அனுப்ப வேண்டும்.

'மை ஹஸ்பண்ட் டிட் நாட் கால்' என்று அடித்தேன்.

திரையைப் பார்த்தவர் பதறிவிட்டார். "அண்ணாச்சி, அப்படிப் போடாதிய. 'ஹேஸ் நாட் கால்ட்'னு மாத்துங்க."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"இல்ல அண்ணாச்சி. நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசுக்குப் போறேன். 'டிட் நாட்'னா அது முடிஞ்சு போன கதையாம். 'ஹேஸ் நாட்'னா இதுவரைக்கும் கூப்பிடல, இனிமே கூப்பிடலாம்னு அர்த்தமாம். டீச்சர் சொன்னாவ."



இருபது வருஷமாக மெயில் அடிக்கிறவன் நான். அவர் சொன்னபடி மாற்றினேன்.

கடை முகவரியிலிருந்துதான் அனுப்பினோம். பதில் வந்தால் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். மணி நாலாகிறது. மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கப்பல் கம்பெனியில் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்: இதற்கெல்லாம் பதில் வர எத்தனை நாளாகும்? என் இங்கிலீஷைக் கிண்டல் செய்ய நினைப்பவர்கள் அவர்களுக்குப் பிறகு வாருங்கள்.