பூவரச மரத்தடியில் ராணி

எழுபதுகளின் நடுவில் மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டில் அம்மா, நான், ராணி. ராணி எங்கள் நாய். அப்பா இருந்தபோது குட்டியாகத் தூக்கி வந்தது. பெயருக்கேற்ற பிடிவாதக்காரி. அம்மாவோ மடி, ஆசாரத்தில் படு கறார். ராணிக்குச் சோறு போடுவாள், எட்ட நின்று கொஞ்சுவாள், ஆனால் ஒரு நாளும் தொட்டதில்லை. வீட்டு எல்லைக்குள் எங்கேயும் அசிங்கம் பண்ணக் கூடாது என்று குட்டியிலேயே அதட்டிப் பழக்கியிருந்தாள். கொட்டுகிற மழையிலும் ராணிக்குத் தெருமுனைப் பூவரச மரத்தடிதான்.

வயதான காலத்தில் ராணிக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்துவிட்டது. ஆபரேஷன் செய்தால்தான் பிழைக்கும் என்றார் டாக்டர். காலையில் செய்து, மயக்கம் தெளிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுதும்மா. ஆனா மயக்க மருந்துல ரத்த அழுத்தம் இறங்கும், கிட்னிக்குப் போற ரத்தம் குறையும். வயசான நாய் வேற. சலைன் ஏத்தியிருக்கேன். இருட்டறதுக்குள்ள யூரின் போயாகணும். போகலேன்னா கிட்னிக்கு ஆபத்து, உடனே தூக்கிட்டு வாங்க."

ரிக்‌ஷாக்காரர், "இன்னாம்மா, நாய்க்குமா ஆபரேசனு? பயப்படாதே, குலுங்காம போய்க்கினே இருக்கேன்" என்று வீடு வரை பள்ளம் பார்த்துப் பார்த்து மிதித்தார்.

நடக்கவிட்டால் தையல் பிரிந்துவிடும் என்பதால், கிணற்றடியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். தண்ணீரை ஸ்பூனால் புகட்டினேன். கெஞ்சினேன். ஊஹூம், சாக்கு நனையவே இல்லை. ராணி வாசல் பக்கமே பார்த்து முனகியது. வலி என்று நினைத்தேன். வெயில் தாழத் தாழ சாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தெரிந்த சாமிக்கெல்லாம் தேங்காய் வேண்டிக்கொண்டாகிவிட்டது.

அன்று பிரதோஷம். அம்மா குளித்து, மடிப்புடவை கட்டி, கையில் வில்வத்தோடு கோயிலுக்குக் கிளம்பி வந்தவள், ராணியைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஏண்டி, அது எங்கே பாக்கறது?"

"வாசலை. வலிக்கறதும்மா அதுக்கு."

"அட அசடே! வலியில்லைடி. இங்கே ஒண்ணுக்குப் போனா நான் திட்டுவேன்னு அடக்கிண்டிருக்கு."

வில்வத்தைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். நான் "அம்மா, மடி..." என்று தொடங்குவதற்குள் ராணியை இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

மரத்தடியில் ராணியால் நிற்க முடியவில்லை, கால் நடுங்கியது. அம்மா மண்ணிலேயே உட்கார்ந்து, தையல் படாமல் அதைத் தாங்கிப் பிடித்தாள்.

"போடி கண்ணு. நான் பிடிச்சுண்டிருக்கேன். இனிமே ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ராணி அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தது. பிறகு போனது. அப்பாடா, போய்க்கொண்டே இருந்தது! அம்மாவின் புடவைத் தலைப்பு முழுக்க நனைந்தது.

"மூத்திரம் போயாச்சுடி!" என்று, கோயிலுக்குப் போகிற கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி அம்மா கத்தினாள். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன்.

எதிர்வீட்டு மாமி மூக்கில் விரலை வைத்தாள். "என்ன இது, பிரதோஷமும் அதுவுமா?"

"ஸ்வாமி கோச்சுக்கமாட்டார் மாமி. அவர் வாசல்லேயும் வாயில்லா ஜீவன் ஒண்ணு உக்காந்திண்டிருக்கே, அவருக்குப் புரியும்" என்றாள் அம்மா, ராணியைக் கீழே விடாமலேயே.

ராணி அதற்குப் பிறகும் சில வருஷங்கள் எங்களோடு இருந்தது. இன்றும் யாராவது ஆசாரம், சுத்தம் என்று பேச ஆரம்பித்தால், எனக்கு அம்மாவின் அந்த நனைந்த தலைப்புதான் கண்ணில் நிற்கிறது; அதைவிடச் சுத்தமான துணியை நான் பார்த்ததில்லை.